படைக்குடும்பங்களின் பள்ளத்தாக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் இடைப்பட்ட ஊர் நம் பொட்டிப்புரம். அண்மைக் காலத்தில் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் இதன் பெயர் நாடெங்கும் தெரியவந்தது. ஆனால் இதை உள்ளடக்கிய கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்ப்பெயர்கள் ராணுவப் பதிவேடுகளில் ஏறி வெகுகாலம் ஆகிவிட்டது. கறுப்பு டிரங்குப் பெட்டியின் மேல் வெள்ளை எழுத்தில் எண்ணையும் பதவியையும் பெயரையும் தீட்டிக்கொண்டு வடக்கே போன பிள்ளைகளால் வந்த பெருமை அது.

படைப்பிரிவுகளின் வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். படைவீரனின் தாய்க்கும் மனைவிக்கும் மக்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவன் எல்லையைக் காத்தபோது வயலையும் மாட்டையும் முதியவர்களையும் குழந்தைகளின் படிப்பையும் காத்தவர்கள் அவர்கள். அந்தக் கூட்டு வரலாற்றை அதன் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் பதிவு செய்வதே இந்த மலரில் இடம்பெறும் இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கம்

தென்னாட்டுக் காலாட்படையின் வேர் கடலூரில் இருக்கிறது. 1748இல் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்த மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ், உள்ளூர் வீரர்களைத் திரட்டிப் பயிற்சி அளித்தார். 1758ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் அவர்கள் முறையான பட்டாலியன்களாக அமைக்கப்பட்டனர். இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவு என்ற சிறப்புடன் மெட்ராஸ் ரெஜிமென்ட் இன்றும் அந்த நாளைத் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. 1780இல் தோன்றிய பயனியர் கம்பெனிகளிலிருந்து வளர்ந்ததுதான் பெங்களூரில் நிலைகொண்டிருக்கும் மெட்ராஸ் பொறியாளர் படை. நம் வீடுகளில் அதை ‘எம்.இ.ஜி.’ என்றே சொல்வோம். அதன் வீரர்களை ராணுவம் முழுவதும் ‘தம்பி’ என்று அழைப்பது தமிழுக்குக் கிடைத்த மரியாதை.

அந்தக் காலத்து மதராஸ் படைக்குத் தனி வழக்கம் ஒன்று இருந்தது. சிப்பாய்களின் மனைவி மக்கள் பட்டாலியனோடு கூடவே போய், முகாமை அடுத்த குடிசை வரிசைகளில் குடியிருந்தார்கள். பிறந்த ஊரை விட்டு அடிக்கடி இடம் மாறினாலும் குடும்பம் சேர்ந்தே இருந்தது. 1824இல் பர்மாப் போருக்காகக் கப்பலேறியவர்களுடன் அவர்கள் போக முடியவில்லை. கடல் கடந்த போரில் கணவன், கரையில் காத்திருக்கும் மனைவி என்ற நிலையைத் தென்னாட்டுப் படைக்குடும்பங்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டன.

அணை கட்டிய படை

நம் பள்ளத்தாக்குக்கும் ராணுவத்துக்கும் உள்ள உறவு தண்ணீரால் அமைந்தது. 1887இல் தொடங்கி 1895இல் நிறைவேறிய முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர் ராணுவப் பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுயிக். மெட்ராஸ் பயனியர் படையின் 1ஆம், 4ஆம் பட்டாலியன்கள் அந்தக் காட்டில் இறங்கி வேலை செய்தன. வெள்ளம் பலமுறை கட்டுமானத்தைக் குலைத்தது. மலைக்காய்ச்சலும் காட்டு விலங்குகளும் தொழிலாளர்களைப் பலிகொண்டன. அத்தனையையும் தாண்டி, 1895 அக்டோபர் 10ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே நம் பள்ளத்தாக்கில் இறங்கியது.

பென்னிகுயிக்கும் ஒரு படைக்குடும்பத்துப் பிள்ளை என்பதை இந்த மலரில் குறிப்பிடுவது கடமை. 1841 ஜனவரி 15ஆம் நாள் புனேயில் பிறந்தவர் அவர். 1849 ஜனவரி 13ஆம் நாள் பஞ்சாபின் சில்லியன்வாலா போர்க்களத்தில் அவருடைய தந்தை பிரிகேடியர் பென்னிகுயிக்கும் அண்ணன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் வீழ்ந்தார்கள். ஜானுக்கு எட்டு வயது நிறைய அப்போது இரண்டு நாள் பாக்கி. போரில் கணவனையும் மகனையும் பறிகொடுத்த ஒரு தாய் வளர்த்த பிள்ளைதான் நமக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அவருடைய பிறந்தநாளில் பள்ளத்தாக்கின் ஊர்கள் பொங்கல் வைக்கின்றன. 2013இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது.

கலைப்பும் மறுபிறப்பும்

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. உலகப் போர் என்பது தமிழ்நாட்டு மக்களுக்கு நேரில் தெரிந்தது அன்றுதான். மெசபடோமியாவுக்கும் பிரான்சுக்கும் தென்னாட்டு வீரர்கள் கப்பலேறினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில், கடிதம் வந்தால் வாத்தியாரைத் தேடிப்போய்ப் படிக்கக் கேட்க வேண்டிய காலம் அது.

அந்தப் போருக்குப் பின் தென்னாட்டு வீரர்களுக்குச் சோதனை வந்தது. சிக்கனம் என்ற பெயரிலும், வடக்கத்தியரே போர்க்குணம் உடையவர்கள் என்ற அன்றைய ஆட்சியாளரின் கொள்கையாலும், மெட்ராஸ் ரெஜிமென்டின் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1928இல் கடைசிப் பட்டாலியனும் மறைந்தது. அதே 1928இல்தான் மதுரையிலிருந்து போடிக்கு முதல் ரயில் வந்தது. ரயிலேறிப் பட்டாளத்துக்குப் போக வழி பிறந்த ஆண்டில் சேர்வதற்குக் காலாட்படை இல்லாமல் போயிற்று. ‘சாப்பர்கள்’ எனப்படும் பெங்களூர்ப் பொறியாளர் படையினர் மட்டும் தென்னாட்டின் பெயரைக் காத்து நின்றார்கள்.

இரண்டாம் உலகப் போர் அந்தக் கொள்கையைப் பொய்யாக்கியது. 1941–42இல் மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. நம் போடி ரயில் பாதையின் தண்டவாளமும் போர்த் தேவைக்காகப் பெயர்த்து எடுக்கப்பட்டது. ஊர் தன் பிள்ளைகளையும் கொடுத்தது, தன் ரயிலையும் கொடுத்தது. ரயில் திரும்பி வர 1950கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் போரில் தமிழர் பெற்ற பெருமைகளில் தலையாயது சுபேதார் சுப்பிரமணியத்தின் ஜார்ஜ் கிராஸ். காஞ்சிபுரம் பகுதியின் கீழோட்டிவாக்கத்தைச் சேர்ந்த அவர் மெட்ராஸ் சாப்பர் வீரர். 1944 பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியின் மின்யானோவில் கண்ணிவெடி ஒன்று வெடிக்கவிருந்த நொடியில் அதன்மேல் பாய்ந்து, உடனிருந்தவர்களைக் காத்துத் தம் உயிரை ஈந்தார். இந்தியர் ஒருவருக்கு வழங்கப்பட்ட முதல் ஜார்ஜ் கிராஸ் அது. பதக்கத்தை வைஸ்ராய் வேவல் கையிலிருந்து பெற்றுக்கொண்டவர் அவருடைய மனைவி துர்க்கையம்மாள். தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண் ஒருவர் டெல்லியில் நின்று கணவனின் வீரத்துக்காகப் பதக்கம் வாங்கிய அந்தக் காட்சி, பின்னால் வந்த பல வீரமனைவியருக்கு முன்னோடி.

வெலிங்டன் தந்த வீடு

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டு மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் நீலகிரியின் வெலிங்டனில் அமைந்தது. 1850களில் கட்டத் தொடங்கப்பட்ட அங்குள்ள பழைய பாரக்ஸ் இன்று ஸ்ரீநாகேஷ் பாரக்ஸ் எனப்படுகிறது. 1955 முதல் 1957 வரை தரைப்படைத் தளபதியாக விளங்கிய ஜெனரல் எஸ்.எம். ஸ்ரீநாகேஷின் நினைவாக வந்த பெயர் அது. மெட்ராஸ் ரெஜிமென்டின் கர்னல் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, குளிரில் நடுங்கிக்கொண்டே பயிற்சி எடுத்து, சத்தியப்பிரமாண அணிவகுப்பில் பெற்றோர் முன் நடந்த நாளை நம் மூத்தவர்கள் இன்றும் தேதியோடு சொல்வார்கள்.

படைக்குடும்பத்தின் அன்றாட வாழ்வுக்கான அமைப்புகள் விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில்தான் ஒவ்வொன்றாக உருவாயின. 1948இல் கேன்டீன் ஸ்டோர்ஸ் துறை தொடங்கப்பட்டது. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள் ஆயிற்று; அந்த நிதி முன்னாள் வீரர்களுக்கும் வீரமரணம் அடைந்தவர்களின் குடும்பங்களுக்கும் பயன்பட்டது. 1950இல் அஞ்சல்துறை அறிமுகப்படுத்திய இன்லண்ட் லெட்டர் நம் பெண்களுக்குப் பெரும் துணை ஆனது. குறைந்த செலவில் மூன்று பக்கம் எழுதலாம். மழை பெய்ததா, மாடு ஈன்றதா, மகள் எழுதப் பழகினாளா என்று எல்லாம் அந்த நீலத்தாளின் மடிப்பு ஓரம் வரை நிரம்பும்.

உலகின் பிற படைகளும் இதே காலத்தில் குடும்பங்களைப் பற்றி யோசித்தன. போருக்குப் பின் ஜெர்மனியில் நிலைகொண்ட அமெரிக்கப் படை, 1946 வசந்தத்தில் மனைவி மக்களைக் கப்பலில் பிரேமர்ஹாவன் துறைமுகத்துக்கு அழைத்துக்கொண்டது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் திறந்தது. நம் ராணுவத்துக்கு அத்தகைய பெரிய அந்நிய நாட்டுத் தளங்கள் இல்லை. ஆனால் பொட்டிப்புரத்திலிருந்து பதான்கோட்டுக்கோ தேஜ்பூருக்கோ போன மணமகளுக்கு மொழியும் சோறும் குளிரும் அயல்நாடாகவே இருந்தன. ‘பீஸ் ஸ்டேஷன்’ கிடைத்தால் இரண்டு மூன்று ஆண்டு குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. ‘ஃபீல்டு’ என்றால் மீண்டும் மாமியார் வீடு. இந்தச் சுற்றுக்குள்ளேயே குழந்தைகள் பிறந்தன, வளர்ந்தன.

குவார்ட்டர்ஸுக்குப் போன பெண்கள் சந்தையில் விலை கேட்டே இந்தி பழகினார்கள். ரேஷனில் வந்த ஆட்டாவைச் சப்பாத்தியாக்கக் கற்றார்கள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்ணுக்குப் புளிக்குழம்பு வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். யூனிட் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். ஊருக்குத் திரும்பியபோது பல பெண்கள் வங்கியிலும் தபால் ஆபீஸிலும் யார் துணையும் இல்லாமல் வேலை முடிக்கத் தெரிந்தவர்களாக இருந்தார்கள். பள்ளத்தாக்கின் ஊர்களில் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் வேரூன்றியதில் இவர்களுக்கும் பங்கு உண்டு.

அறுபதுகள்: பள்ளிகளின் காலம்

1962 சீனப் போர் நாட்டை உலுக்கியது. பெண்கள் தாலியைத் தவிர மற்ற நகைகளைப் பாதுகாப்பு நிதிக்குக் கழற்றிக் கொடுத்த காலம் அது. அதே 1962இல் உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் சைனிக் பள்ளி தொடங்கியது. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாட்டுக்குக் கிடைத்த இந்தப் பள்ளி, கிராமத்துச் சிறுவர்களும் அதிகாரியாகலாம் என்ற நம்பிக்கையை விதைத்தது.

இடமாறுதலால் பிள்ளைகளின் படிப்பு அறுபடும் துயரம் படைக்குடும்பங்களின் நெடுநாள் குறை. அதைத் தீர்க்க 1963இல் 20 ரெஜிமென்ட் பள்ளிகளை மத்திய அரசு ஏற்று நடத்தத் தொடங்கியது. இன்று கேந்திரிய வித்யாலயா என்று நாம் அறியும் பள்ளிகளின் தொடக்கம் அதுவே. ஒரே பாடத்திட்டம் என்பதால் ஜோத்பூரில் விட்ட இடத்திலிருந்து கோவையில் தொடர முடிந்தது. 1966இல் ராணுவ மனைவியர் நலச் சங்கம் பதிவு பெற்றது. தையல், கைத்தொழில், விதவையருக்கு உதவி என்று அதன் பணி விரிந்தது. படைவீரனின் மனைவிக்கென்று ராணுவத்துக்குள் அமைந்த பெரிய அமைப்பு அது.

எழுபதுகளும் எண்பதுகளும்

1971 போரில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சிராமணி, பசந்தர் ஆறு ஆகிய களப்பெருமைகளைப் பெற்றது. ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்ற முழக்கம் கிழக்கிலும் மேற்கிலும் ஒலித்தது. அப்போது ஊரில் இருந்தவர்களுக்கு வானொலிதான் துணை. மாநிலச் செய்தி நேரத்தில் ஒரு ரேடியோவைச் சுற்றித் தெருவே கூடியது. தந்திக்காரர் சைக்கிளில் வந்தால் எந்த வீட்டுப் பக்கம் திரும்புகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

1972இல் ராணுவ அஞ்சல் பணி தனிப் படைப்பிரிவாயிற்று. ‘56 ஏ.பி.ஓ.’, ‘99 ஏ.பி.ஓ.’ என்ற முகவரிகள் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு மனப்பாடம். அப்பா எந்த மலையில் இருக்கிறார் என்பது தெரியாது; இந்த எண்ணுக்கு எழுதினால் போய்ச் சேரும் என்பது மட்டும் தெரியும். 1975இல் முன்னாள் வீரர்களின் நலனைக் கவனிக்கும் கேந்திரிய சைனிக் போர்டு இப்போதைய பெயரைப் பெற்றது. 1976இல் ராணுவக் குழுக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. 1983இல் ராணுவ நலக் கல்விச் சங்கம் உருவாகி ராணுவப் பள்ளிகள் பெருகின.

1984இல் கன்னியாகுமரிக்கும் ஜம்முவுக்கும் இடையே ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் லீவில் வருபவர் டெல்லியிலும் சென்னையிலும் வண்டி மாறி, மதுரையில் இறங்கி, பஸ் பிடித்து வீடு சேர நாலைந்து நாள் ஆகும். ரிசர்வேஷன் இல்லாமல் டிரங்குப் பெட்டி மேலேயே உட்கார்ந்து வந்த கதைகள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. அந்தப் பெட்டியைத் திறக்கும் நேரம் தெருவுக்கே திருவிழா. காஷ்மீர் வால்நட்டும் கம்பளியும் கேன்டீன் சோப்பும் வீடு வீடாகப் போகும்.

1987 ஜூலையில் இந்திய அமைதிப்படை இலங்கை சென்றது. 1990 மார்ச்சில் அது திரும்பும்வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரிழந்தார்கள். 1987 நவம்பர் 25ஆம் நாள் வீழ்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பரம்வீர் சக்கரம் பெற்றார். கடலுக்கு அப்பால், தமிழ் பேசும் மண்ணில் நடந்த அந்தப் பணி தமிழ்நாட்டுப் படைக்குடும்பங்களின் மனத்தில் தனிப் பாரமாக இருந்தது. அதையும் அவர்கள் வாய் திறந்து புலம்பாமல் சுமந்தார்கள்.

தொண்ணூறுகள்: புதிய வாசல்கள்

1992இல் சென்னை பரங்கிமலையின் அதிகாரிகள் பயிற்சி நிலையத்தில் பெண்கள் சேர்ந்தார்கள். 1888 முதல் செவிலியராக ராணுவத்தில் பணியாற்றிய பெண்களுக்கு மற்றப் பிரிவுகளிலும் வாசல் திறந்தது. 1996இல் மதுரையிலிருந்து பிரிந்து தேனி மாவட்டம் உருவாயிற்று. டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மதுரைக்கு அலைந்த முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் துணைவியருக்கும் தலைமையிடம் அருகே வந்தது. இதே பத்தாண்டில் எஸ்.டி.டி. பூத்துகள் பள்ளத்தாக்கின் கடைவீதிகளில் முளைத்தன. ஞாயிற்றுக்கிழமை பூத் வாசலில் காத்திருந்த மனைவியும், எங்கோ ஒரு முகாமில் வரிசையில் நின்ற கணவனும் சில நிமிடம் பேசி ஒரு மாத நலம் அறிந்தார்கள்.

1999 கார்கில் போரில் திருச்சியின் மேஜர் சரவணன் மே 29ஆம் நாள் படாலிக் பகுதியில் வீழ்ந்தார். அவருடைய உடலை மீட்கவே ஜூலை மாதம் வரை ஆயிற்று. போர்க்களத்திலேயே இறுதிக்கடன் முடிப்பதே பெரும்பாலும் வழக்கமாக இருந்த நிலை மாறி, மூவண்ணம் போர்த்திய பேழைகள் சொந்த ஊருக்கு வந்தன. தாய் மண்ணில், உற்றார் கண்முன், ராணுவ மரியாதையுடன் விடைகொடுக்கும் உரிமை படைக்குடும்பங்களுக்குக் கிடைத்தது.

இரண்டாயிரத்துக்குப் பின்

2003 ஏப்ரல் 1ஆம் நாள் முன்னாள் படைவீரர் பங்களிப்பு நலத் திட்டம் தொடங்கியது. ‘இ.சி.ஹெச்.எஸ்.’ அட்டை மூத்தவர்களின் மருத்துவக் கவலையைக் குறைத்தது. 2013இல் தந்திச் சேவை நிறைவுக்கு வந்தபோது படைக்குடும்பங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன. அந்தத் தாளைக் கண்டு அஞ்சிய தலைமுறை நம்முடையது. நாற்பது ஆண்டுக் கோரிக்கையான ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் 2015இல் அறிவிக்கப்பட்டது.

2014 ஏப்ரல் 25ஆம் நாள் காஷ்மீரின் ஷோபியானில் வீரமரணம் அடைந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் அசோக சக்கரத்தை 2015 குடியரசு நாளில் அவருடைய மனைவி இந்து பெற்றுக்கொண்டார். 2020 ஜூன் 15ஆம் நாள் கல்வானில் வீழ்ந்த ராமநாதபுரத்து ஹவில்தார் பழனியின் வீர் சக்கரத்தை 2021 நவம்பரில் அவருடைய மனைவி வானதி தேவி பெற்றுக்கொண்டார். துர்க்கையம்மாள் தொடங்கிய அந்த வரிசையில் நின்ற பெண்களின் நிமிர்ந்த தலை நமக்குப் பாடம்.

அந்த வரிசையில் நம் மாவட்டமும் நின்றது. 2023 மார்ச் 16ஆம் நாள் அருணாசலப் பிரதேசத்தில் நிகழ்ந்த ஹெலிகாப்டர் விபத்தில் பெரியகுளம் அருகேயுள்ள ஜெயமங்கலத்தின் மேஜர் ஜெயந்த் உயிர்நீத்தார். சொந்த ஊரில் ராணுவ மரியாதையுடன் நடந்த இறுதி நிகழ்ச்சியில் மக்கள் திரண்டு நின்றார்கள். அவருடைய பெயர் இந்த மலரின் பக்கங்களில் என்றும் முதன்மை பெறும்.

அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்ற போடி ரயில் 2023 ஜூன் 15ஆம் நாள் மீண்டும் வந்தது. போடியில் ஏறினால் சென்னை வரை ஒரே வண்டி என்ற வசதி லீவு முடிந்து திரும்பும் ஜவான்களுக்குப் பெரும் உதவி. இதற்கிடையே 2021 மே மாதத்தில் ராணுவக் காவல் படையில் 83 பெண்கள் முதன்முறையாகச் சிப்பாய்களாகச் சேர்ந்தார்கள். தாத்தா சாப்பர், அப்பா மதராசி, பேத்தி மிலிட்டரி போலீஸ் என்று சொல்லும் குடும்பங்கள் நம் பள்ளத்தாக்கிலும் பெருகும் காலம் தொலைவில் இல்லை.

நிறைவாக

மேலே சொன்ன பள்ளிகளும் சங்கங்களும் திட்டங்களும் தாமாக வந்தவை அல்ல. காத்திருந்த பெண்களின் பொறுமையும், தள்ளாத வயதில் பேரப்பிள்ளைகளை வளர்த்த தாத்தா பாட்டிகளின் உழைப்பும், அப்பா இல்லாத பொங்கலைச் சிரித்த முகத்துடன் கழித்த பிள்ளைகளின் பெருந்தன்மையும் அவற்றின் அடித்தளம். மதகு முறை வைத்தது, நெல் அறுத்தது, ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறிக் கூலி வேலை பார்த்தது, மணியார்டரில் வந்த பணத்தில் பாதியைச் சேர்த்து வீடு கட்டியது, எல்லாம் வீட்டில் இருந்தவர்களே. பதக்கப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அதனால்தான் இம்மலரின் முதல் மரியாதையை அவர்களுக்குச் செலுத்துகிறோம்.

பள்ளத்தாக்கின் ஒவ்வொரு படைக்குடும்பமும் தன் வீட்டுப் பழைய டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் கடிதங்களையும் புகைப்படங்களையும் பாதுகாக்க வேண்டும். பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டிக் கதை சொல்ல வேண்டும். அணைக்காக உயிர்கொடுத்த பயனியர் முதல் அருணாசல மலையில் உயிர்கொடுத்த ஜெயந்த் வரை அனைவரின் தியாகத்துக்கும் தலைவணங்கி, அவர்களை அனுப்பிவைத்த தாய்மார்களுக்கு நம் நன்றியைச் சொல்வோம். வாழ்க படைவீரர்! வாழ்க படைக்குடும்பங்கள்!